கொலையுண்டோர் உடலில் காணும் காயங்களை ஆய்வு செய்யும் முறை

கொலையில் உயிரிழந்தவர்களின் உடற்கூறாய்வு அறிக்கைகளைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தொகுத்து, உடலின் எந்தப் பகுதியில் எந்த வகைக் காயம் மிகுதி, எத்தகைய ஆயுதம் பயன்பட்டது, தற்காப்புக் காயங்கள் எத்தனை பேரிடம் இருந்தன, உயிர் பிரியக் காரணமானது எது என்று ஆராய்வது, சட்ட மருத்துவம் பயிலும் முதுநிலை மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்புகளுள் ஒன்று. கோப்புகளைப் புரட்டி, எண்ணி, அட்டவணை போட்டால் முடிந்துவிடும் வேலையாக அது வெளியிலிருந்து தெரிகிறது. உண்மையில், அட்டவணை போடும் நாளுக்கு வெகு முன்பே, உடற்கூறாய்வு மேசையில் ஒரு காயத்தை எப்படி எழுதினார்கள் என்பதிலேயே ஆய்வின் தரம் தீர்மானமாகிவிடுகிறது. காயத்தை உள்ளபடி விவரிப்பது ஒரு வேலை. அது எதனால், எவ்வாறு ஏற்பட்டிருக்கலாம் என்று கருத்துரைப்பது வேறொரு வேலை. முதல் வேலை முடியுமுன் இரண்டாவது உள்ளே நுழைந்துவிட்டால், காயங்களை எண்ணுவதாக நினைத்துக்கொண்டு பிறர் ஏற்கெனவே செய்த முடிவுகளையே எண்ணிக்கொண்டிருப்போம். இந்த வேறுபாட்டை ஆய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் காப்பாற்றுவது எப்படி என்பதையே இவ்வழிகாட்டி சொல்ல முயல்கிறது.

எதைக் கொலை என்று கணக்கில் கொள்வது

ஒருவருக்கு மரணத்தையோ கடுமையான காயத்தையோ விளைவிக்கும் நோக்கத்துடன் சட்டவிரோதமாக ஏற்படுத்தப்படும் மரணத்தை, வேண்டுமென்றே செய்யப்பட்ட கொலை என்று ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு, தாக்குதலால் நேர்ந்த மரணங்களுக்கு எக்ஸ்85 முதல் ஒய்09 வரையும், நோக்கம் இன்னதென்று தீர்மானிக்கப்படாத மரணங்களுக்கு ஒய்10 முதல் ஒய்34 வரையும் குறியீடுகளை ஒதுக்கியிருக்கிறது. இந்த இரண்டாம் தொகுதியைப் பெரும்பாலான ஆய்வுகள் பார்ப்பதே இல்லை. நீரிலிருந்து எடுக்கப்பட்ட உடல், அழுகிய உடல், எரிந்த உடல், எலும்புகளாக மட்டும் கிடைத்த உடல் ஆகியவற்றில் கொலை நடந்திருந்தும் அது உறுதிப்படாமல் அங்கேயே தங்கிவிடுவதுண்டு. அவற்றை முழுமையாக ஒதுக்கிவிட்டால், வெளிப்படையாகத் தெரியும் வெட்டும் குத்தும் துப்பாக்கிச் சூடும் மிகையாகவும், தடயம் குறைவாக விடும் மூச்சுத்திணற வைக்கும் கொலைகள் குறைவாகவும் கணக்கில் ஏறும்.

ஆகவே கோப்புகளைத் திறப்பதற்கு முன்பே சேர்ப்பு விதியை எழுதி வைக்க வேண்டும். காவல்துறையின் முதல் விசாரணை என்ன சொன்னது, உடற்கூறாய்வு செய்த மருத்துவர் என்ன கருதினார், வழக்கு முடிந்திருந்தால் நீதிமன்றம் என்ன கண்டது என்ற மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் பதிய வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாத கோப்புகளே பல சமயம் அதிகம் கற்றுத்தருகின்றன. தாக்கப்பட்டுப் பல நாள்கள் சிகிச்சை பெற்றபின் இறந்தவர்கள் வேறு பதிவேட்டில் இருக்கக்கூடும் என்பதால், மருத்துவமனை மரணப் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

உலகளாவிய எண்களைப் பின்புலமாகத் தரலாம், ஆனால் அளவோடு. மேற்சொன்ன அலுவலகத்தின் கணக்கின்படி 2021இல் உலகில் ஏறத்தாழ 4,58,000 பேர் கொலையுண்டனர். 2017ஆம் ஆண்டின் கொலைகளில் சுமார் 54 விழுக்காடு துப்பாக்கியாலும் 22 விழுக்காடு கூர் ஆயுதத்தாலும் நிகழ்ந்தன. இந்த விகிதம் கண்டத்துக்குக் கண்டம் பெரிதும் மாறுகிறது. எனவே நம் எண்ணிக்கை உலகச் சராசரியோடு ஒத்துப்போகவில்லை என்பதையே ஒரு கண்டுபிடிப்பாக எழுதுவதில் பொருளில்லை.

ஒரு காயத்தை எப்படி எழுத வேண்டும்

ஆய்வு முன்னோக்கியதாக இருந்தால், அதாவது இனி வரும் உடல்களைக் கொண்டு நடப்பதாக இருந்தால், விவரிப்பின் தரம் நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு காயத்துக்கும் ஓர் எண் இட்டு, அதன் வகை, உடற்கூற்று அடையாளங்களிலிருந்து அதன் தொலைவு, குதிகாலிலிருந்து அதன் உயரம், உடலின் நடுக்கோட்டிலிருந்து அதன் இடைவெளி, நீளம், அகலம், ஆழம், போகும் திசை, வடிவம், விளிம்புகள், இரு முனைகள், அடிப்பகுதி, சுற்றியுள்ள தோலின் நிலை, உள்ளே கிடந்த அந்நியப் பொருள் ஆகியவற்றை எழுத வேண்டும். இவை நீண்ட பட்டியலாகத் தோன்றினாலும் ஒன்றும் விடத்தக்கதல்ல. குதிகாலிலிருந்து உயரம் எழுதப்படாவிட்டால், வாகனம் மோதிய காயத்தோடு ஒப்பிட வேண்டிய தேவை பின்னர் எழும்போது அதற்கு வழியே இருக்காது. விளிம்பு எழுதப்படாவிட்டால், கிழிந்ததா வெட்டப்பட்டதா என்ற கேள்விக்குப் பிற்காலத்தில் எவராலும் விடை சொல்ல முடியாது.

ஆடைகளையும் உடலோடு சேர்த்தே ஆராய வேண்டும். துணியில் உள்ள கிழிசல், வெட்டு, துளை ஆகியவை உடலில் உள்ள காயத்தோடு இடத்தாலும் எண்ணிக்கையாலும் பொருந்துகின்றனவா என்று பார்த்துப் பதிவதுடன், பொருந்தாதவற்றை அதைவிடக் கவனமாகப் பதிய வேண்டும். மடிந்து கிடந்த துணியில் ஒரே குத்து பல துளைகளை விடும். கை உயர்த்தியிருந்தபோது விழுந்த குத்தின் துளை, கை தாழ்ந்தபின் காயத்துக்கு மேலேயோ கீழேயோ விலகித் தெரியும். உயிர் காக்கும் முயற்சியில் மருத்துவப் பணியாளர்கள் கத்தரித்த துணியைத் தனியே குறித்து வைக்காவிட்டால், அதையே ஆயுதத்தின் வேலையாக எவராவது படித்துவிட வாய்ப்பிருக்கிறது.

புகைப்படங்கள் மூன்று தொலைவுகளில் வேண்டும்: முழு உடல் அல்லது முழு உறுப்பு, காயமும் அருகிலுள்ள அடையாளமும் சேர்ந்தது, காயம் மட்டும். நெருக்கப்படத்தில் கேமரா தோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆங்கில எல் எழுத்து வடிவ அளவுகோல் ஒன்றைக் காயத்தின் அதே தளத்தில் வைத்து ஒரு படமும், அளவுகோல் எதையும் மறைக்கவில்லை என்று காட்ட அது இல்லாமல் ஒரு படமும் எடுக்க வேண்டும். கழுவுவதற்கு முன் எடுத்த படம் ரத்தம் வழிந்த திசையையும் ஒட்டியிருந்த துகள்களையும் காட்டும். கழுவியபின் எடுத்தது காயத்தின் விளிம்பைக் காட்டும். இரண்டில் ஒன்று மற்றதற்கு ஈடாகாது. இடமிருந்தால், ஒன்றிரண்டு நாள் கழித்து உடலை மறுபடியும் பார்ப்பது நல்லது. ஆழத்தில் இருந்த கன்றல்கள் அதற்குள் தோலுக்கு வந்து தெளிவாகத் தெரியும்; முதல் நாள் எவரும் கண்டிராத விரல் தடங்கள் மேற்கையில் அப்படி வெளிப்படுவதுண்டு.

ஆய்வு பின்னோக்கியதாக இருந்தால், பழைய அறிக்கைகளின் விவரிப்பை நம்மால் மாற்ற இயலாது. அந்நிலையில், ஒவ்வோர் அறிக்கையிலும் மேற்கண்ட கூறுகளில் எத்தனை எழுதப்பட்டுள்ளன என்று மதிப்பிட்டு, அந்த நிறைவின் அளவையும் ஒரு தரவாகப் பதியலாம். எந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்று வாசகருக்குச் சொல்ல இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மழுங்கிய விசையின் காயங்கள்

சிராய்ப்பு, கன்றல், கிழிகாயம் என்ற மூன்றும் கட்டை, கல், கம்பி, முட்டி, தரை போன்ற மழுங்கிய பரப்புகளால் ஏற்படுபவை. ஆய்வுகளில் அதிகக் குழப்பம் நேர்வது கிழிகாயத்துக்கும் வெட்டுக்காயத்துக்கும் இடையில்தான், அதிலும் குறிப்பாகத் தலையிலும் புருவத்திலும் முழந்தாளிலும். தோலுக்கு அடியில் எலும்பு அணித்தாக இருக்கும் இடங்களில், மழுங்கிய அடியும் நேர்த்தியான பிளவை உண்டாக்கிவிடும். கைலென்ஸ் கொண்டு பார்த்தால் உண்மை தெரியும்: கிழிகாயத்தில் இரு விளிம்புகளுக்கும் இடையே நரம்பும் ரத்தக்குழாயும் நார்த்திசுவும் அறுபடாமல் பாலம்போல் நிற்கும், விளிம்புகள் நசுங்கியும் சிராய்த்தும் இருக்கும், முடியின் வேர்கள் நசுங்கிக் கிடக்கும். வெட்டுக்காயத்தில் பாலம் இராது, முடியும் வெட்டுண்டிருக்கும். அறிக்கையில் வெறுமனே வெட்டுக்காயம் என்ற சொல் மட்டும் இருந்து, விளிம்பு பற்றி ஒன்றும் இல்லையென்றால், அதை வகை உறுதியற்ற காயம் என்றே குறியிட வேண்டும். பேச்சுவழக்கில் எந்தப் பிளவையும் வெட்டு என்று சொல்லிவிடும் பழக்கம் அறிக்கைகளிலும் புகுந்திருக்கிறது.

கன்றலை எழுதும்போது இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது இடம். தோலடியில் கசிந்த ரத்தம் ஈர்ப்புவிசையால் தளர்ந்த திசுக்களின் வழியே நகர்ந்து, அடி விழாத இடத்தில் போய்த் தெரியும். நெற்றியில் அடிபட்டவருக்கோ மண்டையோட்டின் முன் அடித்தளம் உடைந்தவருக்கோ கண்களைச் சுற்றிக் கருமை தோன்றுவது இப்படித்தான். அதைக் கண்ணில் விழுந்த அடியாக எண்ணிவிட்டால் அட்டவணையின் ஒரு கட்டம் பொய்யாகிவிடும். இரண்டாவது காலம். நிறத்தை வைத்துக் கன்றலின் வயதைத் துல்லியமாகக் கூற முடியாது. ஒளிப்படங்களை வைத்து 1991இல் வெளியான ஓர் ஆய்வு, ஏற்பட்டு 18 மணி நேரம் ஆகாத கன்றல்களில் மஞ்சள் நிறம் காணப்படவில்லை என்று காட்டியது. அதன்பின் வந்த ஆய்வுகள், மஞ்சளைக் கண்ணால் உணர்வதே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்றும் காட்டின. எனவே நிறத்தை நிறமாக மட்டும் எழுதி, ஒரே உடலில் வெவ்வேறு நிறக் கன்றல்கள் இருந்தால் அதை இருந்தபடி பதிவது போதும்.

வடிவம் பதிந்த காயங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். உருளைக் கம்பியோ தடியோ விரைந்து தோலில் படும்போது நடுவில் வெளுத்தும் இருபுறமும் இணைகோடுகளாகக் கன்றியும் இருக்கும். காலணியின் அடிப்பகுதி, சங்கிலி, இடுப்புப்பட்டையின் கொக்கி ஆகியவையும் தம் வடிவத்தை விட்டுச் செல்லும். இவற்றுக்கு நேராக ஆயுதத்தின் பெயரை எழுதாமல், வடிவத்தின் அளவையும் இடைவெளியையும் எழுத வேண்டும். ஒப்பீடு பிறகு வரட்டும்.

தலைக்காயங்களே இத்தகைய ஆய்வுகளின் கனமான பகுதி. மண்டையோட்டில் பல அடிகள் விழுந்திருந்தால், பின்னர் வந்த விரிசல் முன்னமே இருந்த விரிசலைச் சந்தித்த இடத்தில் நின்றுவிடும். பூப்பே விதி எனப்படும் இந்த நியதியால் அடிகளின் வரிசையைச் சில சமயம் மீட்டெடுக்கலாம். அசையாத தலையில் அடி விழுந்தால் மூளைச் சிதைவு பெரும்பாலும் அடி விழுந்த பக்கத்திலும், ஓடிக்கொண்டோ விழுந்துகொண்டோ இருந்த தலை தரையில் மோதினால் எதிர்ப்பக்கத்திலும் மிகுந்திருக்கும். தொப்பியின் விளிம்பு அமரும் கோட்டுக்கு மேலே உள்ள காயங்கள் அடியையும், அந்தக் கோட்டில் உள்ளவை வீழ்ச்சியையும் சுட்டும் என்ற பழைய விதி பயனுள்ளதே. ஆனால் படிக்கட்டில் உருண்டவர்களுக்கும் உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்கும் அது பொருந்தாது. கிழிகாயங்களின் எண்ணிக்கை, எந்தப் பக்கம், எலும்பு உட்குழிந்ததா என்பனவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

கூர் ஆயுதக் காயங்கள்

ஆழத்தைவிட நீளம் மிகுந்தது வெட்டுக்காயம். நீளத்தைவிட ஆழம் மிகுந்தது குத்துக்காயம். கனமான கூர் ஆயுதத்தின் எடையால் எலும்பு வரை பிளந்து, விளிம்பில் சிராய்ப்பும் கன்றலும் கலந்திருப்பது பிளவுக்காயம். வகைகளைப் பிரிப்பது எளிது. தவறு நேர்வது, காயத்திலிருந்து ஆயுதத்தின் அளவுக்குத் தாவும்போதுதான்.

தோல் மீள்தன்மை உடையது. குத்தப்பட்ட இடத்தில் தோலின் நார்கள் ஓடும் போக்குக்கு இணையாகக் கத்தி நுழைந்திருந்தால் காயம் ஒடுங்கிய கீற்றாகவும், குறுக்காக நுழைந்திருந்தால் வாய் திறந்தும் கிடக்கும். இந்தப் போக்கைக் கார்ல் லாங்கர் 1861இல் விவரித்தார். உடற்கூறாய்வில் இன்றும் அவர் பெயரால் வழங்கும் கோடுகளையே நினைவில் கொள்கிறோம். ஆகவே திறந்து கிடக்கும் காயத்தை அப்படியே அளந்தபின், விளிம்புகளை மெல்லச் சேர்த்து வைத்து மறுபடியும் அளந்து, இரு அளவுகளையும் எழுத வேண்டும். ஒருபுறம் மட்டும் கூருடைய கத்தி ஒரு முனையில் கூராகவும் மறுமுனையில் தட்டையாகவும் காயம் விடும் என்பது பாடம். நடைமுறையில், கத்தியின் நுனி இருபுறமும் கூராக இருந்தால் இரு முனைகளும் கூராகவும், பிடி வரை இறங்கியிருந்தால் இரு முனைகளும் மழுங்கியும் தெரியலாம். கத்தி உள்ளே இருக்கும்போது அதுவோ உடலோ திரும்பியிருந்தால் காயத்தில் ஒரு கவடு விழும்.

ஆழத்தின் கதையும் இதுவே. வயிறு போன்ற மெத்தென்ற பகுதியில் தாக்கும் விசை தசையை உள்நோக்கி அழுத்துவதால், கத்தியின் நீளத்தைவிட அதிக ஆழத்துக்குக் காயம் செல்லக்கூடும். முழுவதும் இறங்காத கத்தி தன் நீளத்தைவிடக் குறைந்த ஆழத்தையே விடும். கிடத்தப்பட்ட உடலில் நுரையீரலும் ஈரலும் நின்றிருந்தபோது இருந்த இடத்தில் இருப்பதில்லை என்பதால், காயப்பாதையின் நீளமும் திசையும் அண்ணளவானவை என்றே கொள்ள வேண்டும். விசையைப் பற்றியும் ஒரு சொல்: எலும்பையும் குருத்தெலும்பையும் தவிர்த்தால், கத்திக்குப் பெரும் எதிர்ப்பைத் தருவது தோலே. கூரிய நுனி தோலைத் துளைத்தபின் உள்ளே செல்ல மிகக் குறைந்த விசையே போதும். ஆழமான காயத்தைக் கண்டு மிகுந்த வலிமையுடன் குத்தியிருக்கிறார் என்று எழுதும் வழக்கத்தை ஆய்வாளர் தன் படிவத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். எலும்பு வெட்டுண்டதா என்பதை மட்டும் பதிந்தால் போதும்.

தற்காப்புக் காயங்கள் கையைத் தூக்கித் தடுத்தவரிடம் முன்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்திலும் புறங்கையிலும், கத்தியைப் பற்ற முயன்றவரிடம் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தோல்மடிப்பிலும் காணப்படும். தரையில் விழுந்தபின் உதைத்துத் தடுத்தவரிடம் கால்களிலும் இருக்கலாம். இவற்றுக்கு மாறாக, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர் விடும் தயக்கக் கீறல்கள் ஆழமில்லாமல், ஒன்றுக்கொன்று இணையாக, கைக்கு எட்டும் இடத்தில், பெரும்பாலும் ஆடை விலக்கப்பட்ட தோலில் இருக்கும். தற்காப்புக் காயம் இல்லாதது எதிர்ப்பே இல்லை என்று பொருள்படாது. உறங்கியவர், மதுவின் பிடியில் இருந்தவர், கட்டப்பட்டவர், பின்னாலிருந்து தாக்கப்பட்டவர், முதல் தாக்குதலிலேயே நினைவிழந்தவர் ஆகியோருக்கு அவை இராது. ஆகவே ரத்தத்தில் மதுவின் அளவு, கட்டப்பட்ட தடங்கள், முதல் காயத்தின் தன்மை ஆகியவற்றையும் உடன் பதியாமல் தற்காப்புக் காயங்களின் விழுக்காட்டை மட்டும் வெளியிடுவதை நான் ஏற்பதில்லை.

கழுத்து

கழுத்தில் நிகழும் கொலைகள் வெளியே மிகக் குறைவான அடையாளத்தையே விடக்கூடும். அதனால் இங்கே முறையே முக்கியம். மூளையையும் மார்புக்கூட்டு உறுப்புகளையும் முதலில் அகற்றி, கழுத்தின் நாளங்களிலிருந்து ரத்தம் வடிந்தபின், தசைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இவ்வாறு செய்யாவிட்டால், அறுக்கும்போதே நாளங்களிலிருந்து கசியும் ரத்தம் உண்மையான ரத்தக்கசிவைப் போல் தோன்றி ஏமாற்றும்; இதை 1951இலேயே பிரின்ஸ்லூவும் கோர்டனும் விவரித்துள்ளனர். பின்னோக்கிய ஆய்வில், கழுத்து அடுக்குப் பிரிப்பு நடந்ததா என்பதற்கு ஒரு கட்டம் ஒதுக்காமல், தசைக் கசிவு இருந்தது, இல்லை என்று எழுதுவது வீண்.

கயிற்றால் இறுக்கிக் கொன்றதில் தடம் பெரும்பாலும் கிடைமட்டமாக, கழுத்தை முழுதும் சுற்றி, குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே அல்லது அதன்மேல் இருக்கும். தூக்கில் அது சாய்ந்து, மேலே ஏறி, முடிச்சின் பக்கம் இடைவெளியுடன் முடியும். கையால் நெரித்ததில் பிறை வடிவ நகத்தடங்களும் விரல் நுனிக் கன்றல்களும் இருக்கலாம். அவற்றுள் சில, விடுவித்துக்கொள்ள முயன்ற இறந்தவரின் நகங்களே விட்டவையாகவும் இருக்கக்கூடும். நாவடி எலும்பின் முறிவு கையால் நெரித்ததற்கு வலுவான சான்று என்றாலும், அது அத்தகைய மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் காணப்படுகிறது. எலும்பு இன்னும் கெட்டிப்படாத இளையவர்களிடம் இன்னும் குறைவு. கண்ணிமைகளிலும் வெண்விழிப் படலத்திலும் தோன்றும் ஊசிமுனை ரத்தப்புள்ளிகள் வேறு பல மரணங்களிலும் தோன்றுவதால், தனித்து நின்று எதையும் நிறுவாது.

துப்பாக்கிக் காயங்கள்

இவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் இவற்றுக்கான விவரிப்பு முறை மற்றவற்றைவிட நன்கு நிலைபெற்றுள்ளது. அறுப்பதற்கு முன் எக்ஸ்ரே. குண்டு நுழைந்த இடமான நுழைவாயிலில் சிராய்ப்பு வளையம், கரி, வெடிமருந்துத் துகள்கள் பதிந்த பொடிப்புள்ளிகள் ஆகியவற்றின் பரப்பளவு. வெளிவாயிலில் வெளிநோக்கிக் கிழிந்த ஒழுங்கற்ற விளிம்பு. சுவரிலோ இறுகிய ஆடையிலோ சாய்ந்திருந்த உடலில் வெளிவாயிலிலும் சிராய்ப்பு வளையம் உண்டாகும் என்பதால், வளையம் ஒன்றைக் கொண்டே நுழைவாயில் என்று முடிவு செய்யக் கூடாது. குண்டைப் பற்கள் உள்ள உலோக இடுக்கியால் எடுக்கக் கூடாது. குண்டின் மேலுள்ள கோடுகளே, அது எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்ற ஒப்பீட்டுக்கு ஆதாரம்.

படிவமும் குறியீடும்

தரவுகளை இரண்டு அட்டவணைகளாக வைப்பதே சரி: ஓர் ஆளுக்கு ஒரு வரி கொண்டது ஒன்று, ஒரு காயத்துக்கு ஒரு வரி கொண்டது மற்றொன்று. இரண்டையும் ஆய்வு எண்ணால் இணைக்க வேண்டும். இவ்வாறு பிரிக்காவிட்டால், முப்பது குத்துகள் வாங்கிய ஒருவர், ஒரே குத்தில் இறந்த முப்பது பேருக்கு ஈடாக எண்ணப்பட்டுவிடுவார். உடற்பகுதிகளின் எல்லைகளை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து, கழுத்து எங்கே முடிந்து மார்பு எங்கே தொடங்குகிறது, தோள் எதில் சேர்கிறது என்று தீர்த்துவிட வேண்டும்.

இல்லை என்பதற்கும் எழுதப்படவில்லை என்பதற்கும் வெவ்வேறு குறியீடு கட்டாயம். கைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத அறிக்கையைத் தற்காப்புக் காயம் இல்லாத கோப்பாகக் கணக்கிடுவது, இவ்வகை ஆய்வுகளில் நான் காணும் மிகப் பரவலான பிழை. ஆயுதத்துக்கும் மூன்று பத்திகள் வேண்டும்: காயத்தின் தன்மையால் தெரியும் ஆயுத வகை, விசாரணை அறிக்கை கூறும் ஆயுதம், கைப்பற்றி மருத்துவரிடம் காட்டப்பட்ட ஆயுதம். பகுப்பாய்வில் முதலாவதையே அடிப்படையாகக் கொண்டு, மற்ற இரண்டும் அதனோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டலாம்.

காயத்தின் கடுமையை அளக்க, ஒவ்வொரு காயத்துக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பு தரும், 1971இல் வெளியான சுருக்கக் காய அளவுகோலும், அதை அடிப்படையாகக் கொண்டு 1974இல் சூசன் பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய காயக் கடுமை மதிப்பெண்ணும் பயன்படுகின்றன. ஆறு உடற்பகுதிகளுள் மிகக் கடுமையாகக் காயமுற்ற மூன்றின் மதிப்பை வர்க்கப்படுத்திக் கூட்டினால் மதிப்பெண் கிடைக்கும். எங்கேனும் ஆறு என்ற உச்ச மதிப்பு இருந்தால் அது தானாகவே 75 ஆகிவிடும். ஒரே பகுதியில் பல குத்துகள் வாங்கியவரின் நிலையை இந்த மதிப்பெண் குறைத்தே காட்டும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும், ஏனெனில் ஒரு பகுதியிலிருந்து ஒரு காயத்தையே அது எடுத்துக்கொள்கிறது.

மருத்துவமனையில் இருந்து வந்த உடல்களுக்குச் சிகிச்சைப் பதிவுகள் இன்றியமையாதவை. மார்பில் குழாய் செலுத்திய துளை குத்துக்காயம் போலவும், குத்துக்காயத்தை விரித்து அறுவை செய்த வெட்டு தனி வெட்டுக்காயம் போலவும் தெரியும். மார்பை அழுத்தி உயிர் காக்க முயன்றதில் விலா எலும்புகள் முறிந்திருக்கலாம். காயத்துக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தையும் பதிந்தால்தான், உடனே இறந்தவர்களையும் தொற்றாலோ உறுப்புச் செயலிழப்பாலோ இறந்தவர்களையும் ஒரே குவியலில் கலக்காமல் இருக்க முடியும். இறந்தபின் ஏற்பட்ட எறும்பு, மீன், நாய் போன்றவற்றின் கடிகளும், உடலை இழுத்ததில் வந்த சிராய்ப்புகளும் தனிக் குறியீட்டுக்கு உரியவை.

படிவம் தயாரானதும், சில கோப்புகளை இருவர் ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் குறியிட்டு, அவர்களின் உடன்பாட்டைக் கப்பா மதிப்பால், அதாவது தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உடன்பாட்டைக் காட்டும் எண்ணால், அளக்க வேண்டும். உடன்பாடு குறைவாக உள்ள கேள்வியைத் திருத்தி எழுதுவதோ நீக்குவதோ அப்போதே நடக்க வேண்டும். குறியிடுபவருக்கு விசாரணைக் கதையைக் காட்டாமல் காய விவரிப்பை மட்டும் தருவது நல்லது. ஒருவரின் மனைவி அவரைத் தள்ளிவிட்டதாகக் காவல்துறை கூறுகிறது என்று முதலில் படித்தவர், தலைக்காயத்தை வீழ்ச்சியாகவே படிப்பார்.

பகுப்பாய்வும் வெளியீடும்

ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் அருகில் அதன் மொத்தத்தைக் காட்ட வேண்டும், உண்மை மதிப்பு எதற்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பக எல்லையும் உடன் இருக்க வேண்டும். ஓர் ஆளின் காயங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், காயங்களை அலகாகக் கொள்ளும் ஒப்பீடுகளில் அந்தச் சார்பைக் கணக்கில் எடுக்கும் முறைகளையே பயன்படுத்த வேண்டும். காயங்களின் எண்ணிக்கை ஒருபுறம் சாய்ந்து கிடக்கும் தரவு. சராசரியைவிட, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை மதிப்பே அதைச் சரியாகக் காட்டும். தாக்குதலில் பிழைத்தவர்கள் இத்தரவில் இல்லை. எனவே மார்புக் குத்தே அதிகம் காணப்படுகிறது என்பதிலிருந்து தாக்குபவர்கள் மார்பையே குறிவைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வர இயலாது. மற்ற இடங்களில் குத்தப்பட்டவர்கள் பிழைத்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கலாம்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெயர் நீக்கம், வழக்கு நிலுவையில் உள்ள கோப்புகளைக் கையாளும் விதம் ஆகியவை தொடக்கத்திலேயே தீர்க்கப்பட வேண்டியவை. பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. அரிய ஆயுதம், அரிய வயது, செய்தியில் வந்த நாள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எவரும் கண்டுகொள்வர். சிறிய எண்ணிக்கை உள்ள கட்டங்களை இணைத்துவிடலாம். முகமும் பச்சைக் குத்தலும் தெரியும் படங்களை வெளியிடக் கூடாது. இறந்தவரின் குடும்பத்தார் ஒருநாள் இந்தக் கட்டுரையைப் படிக்கலாம் என்ற எண்ணத்தோடு சொற்களைத் தேர்ந்தால், தேவையற்ற வர்ணனைகள் தாமாகவே நின்றுவிடும்.

காயத்துக்கும் கூறப்படும் காரணத்துக்கும் உள்ள பொருத்தத்தைச் சொல்ல, சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்காக 1999இல் உருவாகி 2022இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறையின் படிநிலைகள் இங்கும் உதவும்: பொருந்தவில்லை, பொருந்தக்கூடியது, மிகவும் பொருந்துகிறது, வகைமாதிரியானது, வேறெதனாலும் ஏற்பட இயலாதது. ஆய்வு முழுவதும் இந்தப் படிகளையே கையாண்டால், இருக்கலாம், சாத்தியம், தெரிகிறது என்ற தளர்ந்த சொற்கள் அறிக்கைக்கு அறிக்கை வேறு பொருள் தருவதைத் தவிர்க்கலாம்.

ஆய்வு வெளியானபின் அதன் எண்கள் நீதிமன்றத்தில் மேற்கோளாக வரக்கூடும். கூர் ஆயுதக் கொலைகளில் இத்தனை விழுக்காட்டினரிடம் தற்காப்புக் காயம் இருந்தது என்ற எண், நம் தொகுப்பில் இருந்தவர்களைப் பற்றிய செய்தி மட்டுமே. சாட்சிக் கூண்டில் நிற்கும் மருத்துவரின் முன்னுள்ள ஓர் உடலைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே ஆய்வின் வரம்புகள் பற்றிய பகுதியில், இந்த விழுக்காடுகளைத் தனி வழக்கில் கொலையா தற்கொலையா என்பதைத் தீர்மானிக்கப் பயன்படுத்தலாகாது என்று வெளிப்படையாக எழுதி, எந்த ஆண்டுகள், எந்தச் சேர்ப்பு விதி, எத்தனை அறிக்கைகளில் விவரிப்பு முழுமையற்றிருந்தது என்பனவற்றை அதே பத்தியில் தர வேண்டும். ஆய்வுப் படிவத்தையும் குறியீட்டு விதிகளையும் பின்னிணைப்பாகச் சேர்த்தால், வேறோர் ஆய்வாளர் அதே விதிகளைக் கொண்டு தம் கோப்புகளை எண்ணி, இரு தொகுப்புகளையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியும்.